கேரளா பார்டர்ல கேஸ் ஆகிடுச்சா? வக்கீலுக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நான் கேரளாவுல இருக்கற சித்தூர், பாலக்காடு கோர்ட்டுகள்ல கிரிமினல் கேஸ் நடத்துற வக்கீல். என் கட்சிக்காரங்க நிறைய பேர் பொள்ளாச்சி, ஆனைமலை பக்கத்து ஆளுங்கதான், தேங்கா லோடு, காய்கறி லோடுன்னு கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் வழியா தினமும் வந்துபோற டிரைவர், கிளீனர், சின்ன வியாபாரிங்க.

ராத்திரி போன் வரும். "சார், பையனைப் புடிச்சுட்டுப் போய்ட்டாங்க, அவன் ஒண்ணுமே பண்ணலைங்க சார்." பண்ணானா இல்லையாங்கறதை அப்புறம் பாத்துக்கலாங்க. எனக்கு அந்த நேரத்துல வேணுங்கறது புடிச்சது போலீஸா எக்சைஸா (சாராயம், கஞ்சா கேஸ் புடிக்கற கலால் துறை), எந்த ஸ்டேஷன், க்ரைம் நம்பர் (எஃப்ஐஆர் நம்பர்) என்ன, என்ன செக்ஷன், இவ்வளவுதான். எக்சைஸ் ஆபீஸ்ல இருக்கற பையனைத் தேடி போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல விடிய விடிய உக்காந்திருக்கற குடும்பத்தையெல்லாம் பாத்திருக்கேன். கைது பண்ணா சொந்தக்காரங்களுக்கோ அவன் சொல்ற ஆளுக்கோ தகவல் குடுத்தே ஆகணும், வழிப்பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். எஃப்ஐஆரையும் பெண்கள் பாலியல் கேஸ் மாதிரி சிலதைத் தவிர 24 மணி நேரத்துல வெப்சைட்ல ஏத்தணும்னு 2016லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

செக்ஷன் ஏன் முக்கியம்னா, கேஸோட தலையெழுத்தே அங்கதான் இருக்கு. கஞ்சாவையே எடுத்துக்கோங்க. 1 கிலோவுக்குள்ளன்னா அதிகபட்சம் 1 வருஷம், பெரும்பாலும் ஜாமீன்ல வந்துடலாம். அதுக்கு மேல 20 கிலோ வரைக்கும்னா 10 வருஷம் வரைக்கும் போகலாம். 20 கிலோவைத் தாண்டிட்டா குறைஞ்சதே 10 வருஷம், ஜாமீனுக்கும் போதைப்பொருள் சட்டத்தோட 37வது செக்ஷன் குறுக்க நிக்கும், அதாவது இவன் குற்றவாளி இல்லைன்னு நம்ப நியாயமான காரணம் இருக்கு, வெளிய வந்தா தப்பு பண்ண மாட்டான்னு கோர்ட்டுக்கே தோணணும். அதனாலதான் மகஸரை, அதாவது பொருளைப் புடிச்ச எடத்துலயே எழுதற பேப்பரைக் கையில வாங்கினதும் நான் எடையைத்தான் முதல்ல பாப்பேன். சாக்கோட சேத்து எடை போட்டாங்களா, சட்டத்துல கஞ்சான்னா பூ, காய் உள்ள நுனிதான், அதோட ஒட்டாத வெறும் இலை, விதை கணக்குல வராது, அதையெல்லாம் பிரிச்சாங்களா இல்ல மொத்தமா தராசுல வெச்சுட்டாங்களா. 20 கிலோ 400 கிராம்னு எழுதியிருக்கற கேஸ்ல சாக்கோட எடைதாங்க கேஸே. உடம்பைச் சோதனை போடுறப்ப மாஜிஸ்திரேட் இல்லைன்னா கெசட்டட் ஆபீசர் முன்னாடி பண்ணணும்னு கேக்கற உரிமை இருக்குன்னு சொல்லியிருக்கணும், ஆனா அது உடம்புக்குத்தான், கையில வெச்சிருக்கற பை, வண்டி இதுக்கெல்லாம் கிடையாது. நெட்ல படிச்சுட்டு வந்து இதுல எங்கிட்ட சண்டை போடுறவங்க உண்டு.

அடுத்தது கையெழுத்து. இங்க பேப்பர் எல்லாம் மலையாளத்துல இருக்கும், பையனுக்கு ஒரெழுத்து தெரியாது, நீட்டின எடத்துல போட்டுட்டு வந்துடுவான், கேட்டா "சீக்கிரம் விட்டுடுவோம்னாங்க சார்" அப்படிங்கறான். 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு, எந்தக் கேஸா இருந்தாலும் கைதுக்கான காரணத்தை அந்த ஆளுக்குப் புரியற பாஷையில எழுதிக் குடுக்கணும், உடனே முடியலைன்னா ரிமாண்டுக்கு, அதாவது காவல்ல வெக்க உத்தரவு வாங்க மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டுபோறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது குடுக்கணும். தமிழ்ல குடுக்கலையா, மாஜிஸ்திரேட் "ஏதாச்சும் சொல்லணுமா"ன்னு கேக்கறப்பவே வாயைத் திறந்து சொல்லுங்க, அடிச்சிருந்தாலும் அங்கயே சொல்லுங்க. போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது சாட்சியம் ஆகாது, கஞ்சா கேஸ்ல எக்சைஸ்காரங்ககிட்ட சொன்னதும் ஆகாதுன்னு 2020ல தூஃபான் சிங் தீர்ப்பு வந்தாச்சு. ஆனா நீங்க சொல்லி ஒரு எடத்துல பொருளை எடுத்தாங்கன்னா அந்த அளவுக்கு அது செல்லும். அதனால வக்கீல் வர்ற வரைக்கும் பேர், ஊர், அட்ரஸோட நிறுத்திக்கறது நல்லது.

என்கிட்ட மட்டும் நேர்மாறா இருக்கணும். அப்பா வந்து ஒரு கதை, மச்சான் வந்து ஒரு கதை, பையன் ஜெயில்ல ஒரு கதை. லோடு ஏத்தினவன் யாரு, செல்போன்ல யாருக்கெல்லாம் பேசினான், கூகுள் பேல பணம் யார் போட்டா, எல்லாம் குற்றப்பத்திரிகையில வரத்தான் போகுது. அதை அரசு வக்கீல் வாயால கோர்ட்ல முதல் தடவை கேக்கற வக்கீலால ஒண்ணும் செய்ய முடியாதுங்க. கேஸ் நடத்த எங்ககிட்ட நீங்க சொல்றதை நாங்க வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமே பாதுகாப்பு குடுத்திருக்கு. ஆனா சாட்சியைக் கலைக்கலாமான்னு கேட்டு வந்தா அதுக்குப் பாதுகாப்பும் இல்ல, என் ஆபீஸ்ல எடமும் இல்ல.

இன்னும் புடிக்கலை, தேடுறாங்கன்னு தெரிஞ்சா ஓடி ஒளிய வேண்டாம். கேரளா கேஸுக்கு தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டே அங்கத்த கோர்ட்ல குறுகிய கால முன்ஜாமீன் கேக்கலாம்னு 2023ல தீர்ப்பு இருக்கு.

வீட்டுக்காரங்க காலண்டர்ல குறிச்சு வெக்க வேண்டியது முதல் ரிமாண்ட் தேதி. அதுலேர்ந்து சாதாரணமா 60 நாள், பெரிய செக்ஷன்னா 90, 20 கிலோவுக்கு மேல கஞ்சான்னா 180, அதுக்குள்ள குற்றப்பத்திரிகை வரலைன்னா ஜாமீன் உரிமை. ஆனா நாம மனு போடுறதுக்கு முன்னாடி குற்றப்பத்திரிகை உள்ள வந்துடுச்சுன்னா போச்சு, அதனால கெடு முடிஞ்ச மறுநாள் காலையில கோர்ட் திறக்கறப்பவே மனு ரெடியா இருக்கணும்.

ஜாமீன் கிடைச்சும் உள்ளயே கெடக்கறவங்க பார்டர் கேஸ்லதான் அதிகம், ஏன்னா லோக்கல் ஜாமீன்தாரர், கரம் (நில வரி) கட்டின ரசீதோட வரணும்பாங்க. பொள்ளாச்சிக்காரனுக்கு பாலக்காட்டுல நிலம் வெச்சிருக்கற சொந்தக்காரன் எங்க இருப்பான்? கோர்ட் பக்கம் காசு வாங்கிட்டு ஜாமீன் நிக்க ஆள் ரெடியா இருப்பாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, போலி ரசீதுன்னா தனி கேஸ் ஆகும். 1978லயே மோதிராம்னு ஒரு கொத்தனார் கேஸ்ல, ஜாமீன்தாரரோட சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு தள்ளினது தப்புன்னு நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிட்டார். நம்ம பாலக்காட்டுல பொறந்தவர்தான், அவர் சொன்னதை இங்கயே மறுபடி மறுபடி எடுத்துக் காட்ட வேண்டியிருக்கு. அதனால உங்க ஊர் வரி ரசீது, ஆதார், சம்பள சர்டிபிகேட் எல்லாம் ஒரிஜினலா எடுத்துட்டு வாங்க, வெளி மாவட்ட ஆளை ஏத்துக்கணும்னு நாங்க மனுவுலயே கேட்டுக்கறோம். ஃபீஸ் குடுக்க வழியில்லைன்னா இலவச சட்ட உதவி நம்பர் 15100க்குப் போன் போடுங்க, காவல்ல இருக்கற யாருக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு.