பழைய 3 சீரிஸ் வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் சூடாகும் முன் போய் நில்லுங்கள்

போன மாதம் ஒரு தம்பி பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் டீசல் காரான 320டி ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. "பத்தே கால் லட்சம்ங்ணா. டாக்டர் ஓட்டுன வண்டி, எழுபத்தோராயிரம்தான் ஓடியிருக்கு. ஒருக்கா பார்த்துக் குடுத்துருங்க, அப்பாவைக் கூட்டிட்டுப் பழனி போகணும்" என்றார். ஸ்கேனரை மாட்டினேன். இந்த வண்டியின் கணினி ஒரு பழுதைக் குறித்துவைக்கும்போது, அது எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளும். மீட்டரில் 71,000. பழுதுப் பட்டியலில் ஒரு வரியில் 1,38,000. நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். விற்றவருக்கு அங்கிருந்தே போன் போட்டார், எடுக்கவில்லை.

கோவையில் பத்தொன்பது வருடமாக ஐரோப்பியக் கார்களைப் பிரித்துச் சேர்க்கிறேன். வாங்குவதற்கு முன் வண்டியைப் பார்த்துச் சொல்வதும் என் தொழிலில் ஒரு பகுதி. ஆனால் வாங்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களிடம் உண்மையைச் சொல்வது எனக்கு இன்னும் பழகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2012-ல் புதிதாக வந்தபோது 30 லட்சத்தைச் சுற்றி விலை சொன்ன வண்டி, இன்று ஒரு புது டிசையர் விலைக்குக் கிடைக்கிறது. அதுவும் சும்மா பேருக்கான வண்டி இல்லை. பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்த எடை, 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் இழுவை, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அவிநாசி ரோட்டைத் தாண்டி நெடுஞ்சாலை ஏறியதும், ஓட்டுகிறவருக்கு இந்தப் பணம் எங்கே போனது என்று புரிந்துவிடும். நம் மண்ணோடும் இதற்கு உறவு உண்டு. 2007 மார்ச்சில் செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலை திறந்தபோது, அங்கே முதலில் அசெம்பிள் ஆன கார் 3 சீரிஸ்தான்.

நம் சந்தையில் பழைய 3 சீரிஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு தலைமுறைகள். 2012 வரை வந்த இ90. அதன் பிறகு 2019 வரை விற்ற எஃப்30. இ90-ஐப் பற்றி நீட்டப் போவதில்லை. பின்சீட்டில் கால் நீட்ட இடம் குறைவு. விளக்குகளைக் கட்டுப்படுத்தும் ஃபுட்வெல் மாட்யூல் பேட்டரி இறங்கினால் செத்துப்போகும். ஸ்டீயரிங் லாக் பழுதானால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. பதிவுக்கு 15 ஆண்டு முடிந்து புதுப்பிக்கும் கட்டத்தில் பல வண்டிகள் நிற்கின்றன. இதை ஆசைக்காகப் பாதுகாக்கிறவர் எடுக்கலாம். தினம் ஆபீஸ் போக ஒரே கார் என்றால் வேண்டாம். இனிப் பேசுவது பெரும்பாலும் எஃப்30 320டி பற்றி.

இதில் இரண்டு டீசல் இன்ஜின்கள். 2015 வரையிலான வண்டிகளில் என்47. 2016 தொடக்கத்தில் முகம் மாறி வந்தவற்றில் பி47, 190 குதிரைத்திறன். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலிதான் டைமிங் செயின். என்47-இல் அதன் விவகாரம் உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்தது. 2007-ல் வந்த இந்த இன்ஜினில், செயினை முன்பக்கம் வைக்காமல் பின்னால், கியர்பாக்ஸ் ஒட்டிய பக்கத்தில் வைத்தார்கள். கீழ்ச்செயின் டீசல் பம்பைச் சுற்றும். அங்கிருந்து மேல்செயின், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுகளைச் சுற்றும். ஆரம்ப ஆண்டு இன்ஜின்களில் பிரச்சினை அதிகம், பின்னால் வந்தவற்றில் திருத்தங்கள் செய்தார்கள். ஆனாலும் எண்ணெய் கெட்டுப்போன வண்டியில் செயினும் அதைத் தாங்கிப் பிடிக்கும் கைடுகளும் தேயத்தான் செய்யும். அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும், இன்ஜின் போய்விடும். அறுவதற்கு முன்பே மாற்றுவதென்றாலும் கியர்பாக்ஸையாவது இறக்காமல் கை நுழையாது. பாகத்தின் விலையை விடக் கூலி அதிகமாகும் வேலை இது.

இதைக் கண்டுபிடிக்க இருக்கும் எளிய வழி காதுதான். வண்டி பார்க்கக் காலை ஆறரை மணிக்கு வருகிறேன் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றும் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வண்டியைப் பார்க்காமலே திரும்பி வாருங்கள், அடுத்த நாள் போகலாம். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில விநாடிகளில், முன்கண்ணாடிப் பக்கமிருந்து சங்கிலி உரசுவது போலச் சத்தம் வந்தால் கவனியுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி 1,500-லிருந்து 2,000 சுற்றுக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். டீசலுக்கு இயல்பான டக்டக் ஓசை வேறு. இரும்பு தேயும் சரசரப்பு வேறு. சந்தேகமாக இருந்தால் போனில் பதிவு செய்து ஒரு மெக்கானிக்கிடம் போட்டுக் காட்டுங்கள். இன்ஜின் சூடானதும் இந்தச் சத்தம் பல வண்டிகளில் அடங்கிவிடும். காலை பதினொரு மணிக்கு ஏ.சி. போட்டுத் தயாராக நிறுத்திவைத்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எண்ணெய் எப்படிக் கெடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சர்வீஸ் எப்போது என்று வண்டியே திரையில் காட்டும். அது காட்டும் தூரம் நீளமானது. நம் ஊர் வெயில், சிக்னலில் நின்று நின்று போகும் ஓட்டம் இரண்டுக்கும் அவ்வளவு காத்திருக்கக் கூடாது என்பது என் அனுபவம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறேன். வருடத்துக்கு 4,000 மட்டும் ஓடி மூன்று வருடம் எண்ணெய் மாற்றாத வண்டியை, "கம்மியா ஓடுனது" என்று அதிக விலைக்கு விற்கிறார்கள். எனக்கு அந்த வண்டியை விட, ஒன்றரை லட்சம் ஓடி ஒவ்வொரு பில்லும் கையில் இருக்கும் வண்டி மேல்.

கியர்பாக்ஸிலும் இதே கதை. இசட்.எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி, ஆட்டோமேட்டிக்குகளில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. அதன் எண்ணெய் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாதது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஆனால் கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. எண்ணெய் தேங்கும் பிளாஸ்டிக் சேம்பரிலேயே ஃபில்டர் இருக்கிறது, அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து, குறிப்பிட்ட சூட்டில் அளவு சரிபார்க்க வேண்டிய வேலை இது. எல்லா இடத்திலும் செய்துவிட முடியாது. ஓட்டிப் பார்க்கும்போது, வண்டியை நிறுத்தி, டி-யிலிருந்து (முன்னே) ஆர்-க்கு (ரிவர்ஸ்) மாற்றிப் பாருங்கள். ஒரு விநாடி தாமதித்து 'டக்' என்று அடித்தால், அல்லது 50, 60 வேகத்தில் லேசாக நடுங்கினால், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. 2018 கோடையில் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தன. புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். அமைப்பின் கூலரில் கசிந்த கூலன்ட், புகைக்கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் கங்காகி, காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் எரிந்தது என்று காரணம் சொன்னார்கள். உலக அளவில் சுமார் 16 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இ90 வண்டிகளில், தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக் விவகாரமும் உண்டு. பையை ஊத வைக்க அதில் வெடிக்கும் அம்மோனியம் நைட்ரேட், பல வருட வெயிலிலும் ஈரக்காற்றிலும் கெட்டு, விபத்தில் உறையையே உடைத்து இரும்புச் சில்லுகளை முகத்தில் எறியும். நம் கடலோர ஊர்களின் புழுக்கம் அதற்கு எவ்வளவு மோசம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சேஸிஸ் நம்பரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கொடுத்து, இந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பாக்கி இருந்தால் அந்த வேலைக்கு உங்களிடம் காசு வாங்கமாட்டார்கள். டீசல் வண்டியில் வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதென்றால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் அந்தக் கூலரைப் பார்க்க வேண்டும்.

வெள்ள வண்டிக்கு வருவோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை விலையுயர்ந்த கார்கள் மூழ்கின என்று எல்லோரும் பார்த்தோம். இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று எழுதிவிட்ட வண்டி ஏலத்துக்குப் போகும், கழுவித் துடைக்கப்படும், வேறு ஊருக்கு வரும். சீட்டும் கார்ப்பெட்டும் மாற்றியிருப்பார்கள், வாசனை திரவியம் மணக்கும். அவர்கள் மறப்பது சீட் பெல்ட்டை. எல்லா பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த தேதியும் இருக்கும். வண்டி 2014, பெல்ட் 2016 என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். இந்தக் காரில் பேட்டரி டிக்கியில்தான் இருக்கிறது. அந்தக் குழியின் மூலையில் வண்டல், சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துரு, இவை பொய் சொல்லாது. நனைந்த வயரிங்கில் பச்சைக் களிம்பு பிடிக்க ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். அதற்குள் வண்டி உங்கள் பெயருக்கு வந்திருக்கும்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கும். 10 வருடம் தாண்டிய டீசல் அங்கே ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகுதான் அங்கிருந்து தெற்கே வரத்து பெருகியது. வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அங்கிருந்து வர வேண்டிய என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, கடன் பாக்கியில்லாத ஆர்.சி., இவை கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் கிளைம் இல்லாவிட்டால், பிரீமியத்தில் தள்ளுபடியாகக் கிடைக்கும் போனஸ் 50 சதவீதம் இருக்கும். "அடியே படாத வண்டி" என்று சொல்லி பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால், அடி எங்கே பட்டது என்று பெயிண்டில் தேட வேண்டும்.

டயர், புஷ் பற்றிச் சுருக்கமாக. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் விலை அதிகம், நம் வேகத்தடைகளில் இடுப்பு வலிக்கும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் சீக்கிரம் கிழியும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரு தடவை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஊருக்குள் தினம் எட்டு, பத்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் டீசலை எடுக்காதீர்கள். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுவீர்கள், கரி மட்டும் சேரும். அப்படியென்று '328ஐ' என்ற பெட்ரோல் மாடல் பக்கம் போனால், ஆரம்ப ஆண்டு என்20 இன்ஜினில் பிளாஸ்டிக் செயின் கைடு தேயும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

பணக் கணக்கு. பத்து லட்சம் கையில் இருந்தால் ஏழரை, எட்டு லட்சத்துக்கு வண்டி தேடுங்கள். மீதியை முதல் வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். 30 லட்சத்து வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்கவில்லை. அந்தப் பணம் இல்லாத வீட்டில் இந்த வண்டி நுழைந்தால், ஒரு சென்சார் போன அன்றே வாசலில் நின்றுவிடும். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸா, டர்போவா என்று ஒரு தகப்பன் என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு திருப்பூரில் துணி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் ஒரு அக்கா வந்தார். வண்டி எடுக்கும் முன்பே வந்தார். முதலில் காட்டிய வண்டி பானெட் சூட்டிலேயே போனது. இரண்டாவதில் சீட் பெல்ட்டில் சேறு. நான்கு மாதம் பொறுத்தார். வீட்டில் கேலி செய்தார்களாம். மூன்றாவது வண்டி 1,46,000 ஓடியிருந்தது. முன்பக்க பம்பரில் கீறல், டாஷ்போர்டு வெளுத்திருந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற பெரியவர், ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்பது வருட பில்கள், தேதிவாரியாக, கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியது உட்பட. காலை ஆறரைக்கு ஸ்டார்ட் செய்தோம், சுத்தமான சத்தம். அக்கா விலை பேசவே கூச்சப்பட்டார், நான்தான் டயருக்காகக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். போன வாரம் முதல் ஆயில் சர்வீஸுக்கு வந்தவர், அந்தக் கோப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் கொடுத்த பில்லை வாங்கி, பெரியவரின் கடைசி பில்லுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.