ஹார்டு டிஸ்கில் கிடப்பது என்ன படம் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது?

படங்கள் நிறைந்த ஹார்டு டிஸ்க்கை கோடி, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி, நம்மிடம் உள்ள படங்களை அடுக்கிக் காட்டும் ஒரு மென்பொருளிடம் காட்டினால் கொஞ்ச நேரத்தில் போஸ்டர், நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம் எல்லாம் வந்து நிற்கும். அது படத்தைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இல்லை. கோப்புக்குள் எட்டிப் பார்த்து வீடியோ எந்த வகை, எத்தனை ஆடியோ டிராக் என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இது என்ன படம் என்பதற்கு முதல் தடவை அதன் கையில் இருக்கும் துப்பு கோப்பின் பெயரும் ஃபோல்டரின் பெயரும் மட்டுமே. கலெக்‌ஷனை மாற்றி அடுக்கும்போது வரும் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

'விக்ரம்.2022.1080பி.எக்ஸ்264.எம்கேவி' என்று ஒரு கோப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் புள்ளிகளை எல்லாம் இடைவெளியாக்கும், 19 அல்லது 20 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அதுதான் ஆண்டு, அதற்கு முன்னால் இருப்பது தலைப்பு, பின்னால் இருக்கும் 1080பி வகையறா எல்லாம் குப்பை என்று முடிவு கட்டும். மிச்சம் இருக்கும் 'விக்ரம், 2022' என்பதை டிஎம்டிபி என்ற இணையத் தரவுத்தளத்திடம் கேட்கும். ஆண்டு மட்டும் இல்லையென்றால் 1986-இல் வந்த விக்ரமும் அதே வரிசையில் வந்து நிற்கும், இரண்டிலும் கமல்தான் என்பதால் போஸ்டரை மேலோட்டமாகப் பார்க்கிற நமக்கும் சட்டென்று பிடிபடாது. தில்லு முல்லு (1981, 2013), மாவீரன் (1986, 2023), அமரன் (1992, 2024) என்று பழைய தலைப்பைத் திரும்ப எடுத்து வைப்பதில் நம் ஆட்களுக்குச் சலிப்பே கிடையாது, ஆகவே தமிழ்ப் படக் கோப்புக்கு ஆண்டு போடாமல் விடுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். '2.0' இன்னும் மோசம். புள்ளியை இடைவெளியாக்கியதும் அது '2 0' ஆகிவிடும்.

ஒருமுறை படம் பிடிபட்டுவிட்டால் பெயருக்கு அப்புறம் பெரிய வேலை இல்லை, எண்தான் எல்லாம். டிஎம்டிபியில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் உண்டு, ஐஎம்டிபி என்ற இன்னொரு தரவுத்தளத்தில் 'டிடி' என்று தொடங்கும் எண். ஃபோல்டர் பெயரின் கடைசியில் இந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் ஜெல்லிஃபினும் பிளெக்ஸும் ஊகிக்கிற வேலையையே விட்டுவிடும் (எழுதும் முறை இரண்டுக்கும் வேறு, ஒன்று சதுர அடைப்பு, இன்னொன்று நெளி அடைப்பு). கோடிக்கு என்றால் படத்தின் விவரங்களை எழுதிய என்எஃப்ஓ என்ற சின்ன உரைக்கோப்பைப் படத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

சரி, இப்போது கோப்புகளை நகர்த்துவோம். ஒரே பார்ட்டிஷனுக்குள் (டிஸ்கின் ஒரே பிரிவுக்குள்) 40 ஜிபி படத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறதே, ஏன்? தரவு இருந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை, எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்ற பட்டியலில் ஒரு வரி மட்டும் மாறுகிறது. இயங்குதளத்தைப் பொறுத்தவரை அது அதே கோப்புதான். கோடிக்கு அப்படி இல்லை. அது தன் விவரங்களை எல்லாம் ஒரே கோப்பில் வைத்திருக்கும் எஸ்க்யூலைட் என்ற வகைத் தரவுத்தளத்தில் கோப்புகளுக்கென்று ஓர் அட்டவணை, ஒவ்வொரு வரியிலும் பாதை, பெயர், எத்தனை முறை பார்த்தோம், கடைசியாக எப்போது பார்த்தோம். பாதை மாறினால் அது புதுக் கோப்பு, புது வரி. பழைய வரி அநாதையாகக் கிடக்கும், 'லைப்ரரியைச் சுத்தம் செய்' என்று அழுத்தினால் அதுவும் போய்விடும், கூடவே பார்த்த கணக்கும், பாதியில் நிறுத்திய இடமும். அதனால் கோடியில் நகர்த்துவதற்கு முன்பே லைப்ரரியைத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்துவிட வேண்டும், பார்த்த கணக்கு என்எஃப்ஓவில் ஏறிக்கொள்ளும். ஆனால் அதைத் திரும்பப் படிக்கும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் கோப்பில் நாமே எழுதி இயக்க வேண்டும், இதை ஏன் ஒரு பட்டனாக வைக்கவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. ஜெல்லிஃபின் இதில் கொஞ்சம் இரக்கமுள்ளது, பார்த்த கணக்கைப் படத்தின் எண்ணோடும் கட்டி வைக்கிறது.

பெயரைத் தமிழிலேயே வைப்பவர்களுக்கு இன்னொரு கூத்து இருக்கிறது. 'கோ' என்று எழுதினால் திரையில் தெரிவது ஒன்றுதான், ஆனால் கணினி எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் யூனிகோடில் அதற்கு இரண்டு வழி: ஓகாரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். பழைய மேக் கணினிகள் கோப்புகளைச் சேமிக்கும் ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறை எல்லாவற்றையும் பிரித்தே சேமிக்கும், விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்தே வரும். படம் மேக்கிலிருந்தும் சப்டைட்டில் விண்டோஸிலிருந்தும் வந்து ஒரு லினக்ஸ் பெட்டியில் சந்தித்தால், கண்ணுக்கு ஒரே பெயர், பைட்டுகளுக்கு வேறு பெயர், சப்டைட்டில் வரவே வராது. மேலும் லினக்ஸ் கோப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் என்பதால் 85 குறியீட்டில் முடிந்துவிடும்.

மென்பொருளைப் புதுப்பிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அடுக்குகிற அன்றைக்கே வேண்டாம், ஏதாவது காணாமல் போனால் யார் குற்றம் என்றே தெரியாது. கோடி 20-இன் வீடியோ தரவுத்தளத்துக்கு 121 என்று எண், 21-க்கு 131. புதுப் பதிப்பு முதல்முறை திறக்கும்போது 121-ஐ நகலெடுத்து 131 ஆக மாற்றிக்கொள்ளும், பழையதைத் தொடாது. ஜெல்லிஃபின் 10.11 அப்படி அல்ல, தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றிவிடும், பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால் நீங்கள் எடுத்து வைத்த நகல்தான் வழி. அந்த நகலையும் மென்பொருளை நிறுத்திவிட்டு எடுங்கள். எஸ்க்யூலைட் கடைசியாக எழுதியவற்றைச் சில நேரம் பக்கத்தில் 'வால்' (wal) என்று முடியும் இன்னொரு கோப்பில் வைத்திருக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் அது விட்டுப்போகும்.