பிடரி விளக்கு: மூன்றாவது பிறேக் லைற்றுக்கு ஒரு பெயர்

திருகோணமலையில் எந்தக் கராஜிலும் 'மூன்றாவது பிறேக் லைற்' என்றால் விளங்கும். பின்பக்கத்து இரண்டு சிவப்பு விளக்குகளுக்கும் மேலே, நடுவில், பிறேக்கை மிதித்தால் மட்டும் பற்றுகிற விளக்கு. ஆனால் அந்தப் பெயர் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. விளக்கின் பயனோ அது இருக்கும் இடத்தில் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் அது 'சென்டர் ஹை மவுன்டட் ஸ்டொப் லாம்ப்'. நடு, உயரம், நிறுத்தம் மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. 1974 இல் ஜோன் வோவொட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்பக்கம் மேலதிகமாக ஒரு விளக்கைப் பூட்டிப் பார்த்தார். பின்னால் வந்து மோதும் விபத்து அவற்றில் சுமார் 60 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவில் 1986 மாடல் கார்களுக்கு இது கட்டாயமானது. பிக்கப்களுக்கு 1994 மாடல் வரை பொறுக்க வேண்டியிருந்தது. எல்லா வாகனத்திலும் வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு பயன் 4 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. அந்த நாலும் மனித உயிர் சம்பந்தப்பட்டது.

சரி, பிறேக்குக்குத் தமிழ் என்ன? ஆங்கிலச் சொல் உடைத்தல், நொறுக்குதலோடு உறவுள்ளது. நாருக்காக ஆளிச் செடியின் தண்டை நொறுக்கும் கருவிக்கும் அதே பெயர்தான். நம்மிடம் தேர்ச் சில்லுக்குக் கொடுக்கும் முட்டுக்கட்டை இருக்கிறது. பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் பேச்சில் அது 'இடைஞ்சல்' என்றாகிவிட்டது. சிலர் 'தடுப்பு விளக்கு' என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் 'தடுப்பில் இருந்தவர்' என்றால் சிறைவைக்கப்பட்டவர். அந்தச் சொல்லை ஒரு விளக்குக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'நிறுத்த விளக்கு' நல்லது. தமிழ்நாட்டில் நிறுத்தம் என்றால் பஸ் நிற்கும் இடம் நினைவுக்கு வரலாம். எங்களுக்கு அது தரிப்பிடம், ஆகவே குழப்பமில்லை. அப்படியென்றால் முழுப் பெயர் 'நடுவுயர் நிறுத்த விளக்கு'. சட்டத்துக்கு அது போதும். வாயில் வர வேண்டுமென்றால் 'பிடரி விளக்கு' என்பேன். பிக்கப்பில் அது சாரதியின் பிடரிக்கு நேர் பின்னால்தானே பற்றுகிறது!

சித்தப்பாவின் பழைய பிக்கப்பில் அதைப் பூட்டியபோதுதான் இந்தப் பெயர் தோன்றியது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டி. ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் வடிந்து வடிந்து, கீழே இருந்த இரண்டு விளக்குகளின் ஏர்த் (மின்சாரம் வண்டியின் உடலுக்குத் திரும்பும் இணைப்பு) பச்சை பூத்து, வெளிச்சம் மங்கிக் கிடந்தது. அதைச் சுரண்டித் துடைத்தோம். ஆனாலும் அவை தாழ்வான விளக்குகள். ஒட்டி ஒரு கார் வந்தால் அதற்குப் பின்னால் வருபவருக்குத் தெரியாது. மேலே இருப்பது இடையிலுள்ள காரின் கண்ணாடி ஊடாகவும் தெரியும். இரவில் டவுனுக்குள் புள்ளிமான் குறுக்கே பாயும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

முதலில் வயரைக் கீழே இடப்பக்க விளக்கில் இணைத்தோம். பிறேக்குக்குச் சரியாகப் பற்றியது. இடப்பக்கச் சிக்னல் போட்டதும் மேலே உள்ளதும் சேர்ந்து மினுங்கியது! அந்த வண்டியில் பிறேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே பல்ப், ஒரே இழை. சிக்னல் சுவிட்சைத் தாண்டி வரும் வயரில் இரண்டும் கலந்துதான் வரும். அதனால் மிதிக்குப் பக்கத்தில் உள்ள பிறேக் சுவிட்சுக்கே போய், அங்கிருந்து போகும் வயர் சிக்னல் சுவிட்சை அடையும் முன்பே புது வயரை எடுத்தோம். கூரையில் துளை போடவில்லை. கடற்காற்றில் துளை வழியே கறள் ஏறிவிடும். பின்கண்ணாடிக்கு உள்ளே ஒரு தகட்டில் பூட்டினோம்.

பொழுதுபடும் நேரம். சித்தப்பா மிதித்தார், நான் இருபது அடி பின்னால் நின்றேன்.

"பத்துதோடா?"

"பத்துது சித்தப்பா. பிடரியிலை பத்துது."