சொல் விளக்கம்: கிராஜுவேட் அவுட்கம்ஸ்

இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு ஒன்றின் தமிழ்க் குறிப்பேட்டை உறவினர் ஒருவர் என்னிடம் நீட்டினார். ‘பட்டதாரி விளைவுகள்’ என்ற தலைப்பின்மேல் விரலை வைத்து, “இதைப் படித்தால் பிள்ளைக்கு ஏதாவது கெடுதல் வருமா?” என்று கேட்டார். ‘கிராஜுவேட் அவுட்கம்ஸ்’ என்பதற்கான இந்த மொழிபெயர்ப்பைப் பலமுறை பொறுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தகப்பனை அது பயமுறுத்திய பிறகு பொறுக்க முடியவில்லை.

‘அவுட்கம்’ என்றால் கடைசியில் வந்து நிற்பது. ‘வெளியே’, ‘வா’ என்ற இரு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கை, அவ்வளவுதான். படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா, உரிமத் தேர்வில் தேறினார்களா, மேற்படிப்புக்குப் போனார்களா என்பதையே ‘கிராஜுவேட் அவுட்கம்ஸ்’ குறிக்கிறது. பிரிட்டனில் இதே பெயரில் நடக்கும் கணக்கெடுப்பு, படிப்பு முடிந்து ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்து அவர்களைத் தேடிப்போய்க் கேட்கிறது.

‘விளைவு’க்காக வாதாடுவோர் விளைநிலம், விளைச்சல் என்று அதன் உறவுகளைக் காட்டுகிறார்கள். வேர் வளமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கவிளைவு, பின்விளைவு, ‘விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’ என்றெல்லாம் வழங்கி வழங்கி அச்சொல்லில் கேடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மருத்துவம் சார்ந்த படிப்பில் அந்த நிழல் இன்னும் கறுப்பாக விழும். இன்னொரு கோளாறும் உண்டு. ராமன் விளைவு, பசுமைக்குடில் விளைவு என்று ஒரு பெயரை அடுத்து ‘விளைவு’ வந்தால் அது ‘எஃபெக்ட்’. அப்படிப் பார்த்தால் ‘பட்டதாரி விளைவு’ என்பது பட்டதாரிகள் பிறருக்கு உண்டாக்கியது! சிகிச்சையின் விளைவு வேறு, நோயாளி கடைசியில் எந்த நிலையில் இருக்கிறார் என்பது வேறு என்று பிரித்துக் கற்பிக்கும் துறையில் இந்தக் குழப்பம் கூடவே கூடாது.

சிலர் ‘அடைவு’ என்கிறார்கள். அது வெற்றியை மட்டும் சொல்லும். வேலையில்லாமல் இருப்பவரும் இந்தக் கணக்கில் உண்டு. ‘பட்டம் பெற்றோர் நிலை’ என்று எழுதினால் எல்லோரும் அடங்குவார்கள், யாருக்கும் அகராதி தேவைப்படாது.

அதே பக்கத்தில் ‘ஸ்டூடண்ட் டெமோகிராஃபிக்ஸ்’ என்பதற்கு ‘மாணவர் மக்கள்தொகையியல்’ என்று இன்னொரு தலைப்பு. கீழே இருந்தது வயது, பாலினம், குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்ற அட்டவணை. அதற்கு எதற்கு ஓர் ‘இயல்’? ‘மாணவர் பின்னணி’ போதும். அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் பிடுங்கி நடுகிறவர்கள், தலைப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

தலைப்பை அடித்துவிட்டுப் பேனாவால் ‘பட்டம் பெற்றோர் நிலை’ என்று எழுதிக் கொடுத்தேன். உறவினர் அந்தத் தலைப்பின் கீழிருந்த அட்டவணையை மறுபடி படித்தார். “முதல் தடவையிலேயே உரிமத் தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர் என்று ஏன் போடவில்லை?” என்றார்.