மனச்சோர்வு: சொல்லும் முதுமையில் அதன் பொருளும்

டிப்ரெஷன் என்னும் நோய்ப்பெயரைத் தமிழில் சிலர் மனச்சோர்வு என்றும், சிலர் மன அழுத்தம் என்றும் எழுதுகிறார்கள். ஒரே செய்திக்குள் இரண்டும் மாறி மாறி வருவதும் உண்டு. பொதுப்பேச்சில் இதனால் பெரிய சேதமில்லை. ஆனால், அறுபது வயதைக் கடந்தவர்களை அவர்கள் வாழும் இடத்துக்கே சென்று பார்த்து, இந்நோயின் அறிகுறிகளைக் கேட்டறிந்து உதவும் சமூகத் திட்டங்களில், எந்தச் சொல்லால் கேட்கிறோமோ அதற்கேற்பத்தான் பதிலும் வருகிறது.

டிப்ரெஷன் என்ற சொல் 'டெப்ரிமெரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கீழ்நோக்கி அழுத்துதல் என்பது அதன் பொருள். ஐரோப்பிய மருத்துவம் நெடுங்காலம் இந்நோயை மெலன்கோலியா, அதாவது கரும்பித்தம், என்றே அழைத்துவந்தது. நமக்குத் தெரியாத காரணத்தைத் தெரிந்ததுபோல் காட்டும் அந்தப் பெயர் வேண்டாம், டிப்ரெஷன் என்றே சொல்லலாம் என்று மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டார். வானிலையிலும் பொருளாதாரத்திலும் ஆங்கிலம் இதே சொல்லைத்தான் ஆள்கிறது. தமிழோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், பொருளாதார மந்தம் என்று இடத்துக்கு ஒரு சொல்லை வைத்துக்கொண்டது.

வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் மன அழுத்தம் பொருத்தமாகத் தோன்றும். வழக்கில் அது ஸ்ட்ரெஸ் என்பதற்கு உரியதாகிவிட்டது: வேலைப்பளு, கடன், தேர்வு என வெளியிலிருந்து வரும் நெருக்கடியை அது குறிக்கிறது. மேலும், 'ஆள் ரொம்ப அழுத்தம்' என்றால் வாய் திறவாதவர் என்று பொருள். வயதானவர்களுக்கோ அழுத்தம் என்றதும் இரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வரும். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம் மன அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டால், 'எனக்கென்ன அழுத்தம், பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள்' என்றே சொல்வார். அது உண்மையான பதில்தான். ஆனால் நாம் அறிய விரும்பியது அதுவன்று.

சோர்தல் என்பதற்குத் தளர்தல், நழுவுதல், வழிதல் ஆகிய பொருள்கள் உண்டு. கூந்தல் சோர்ந்தது, கண்ணீர் சோர்ந்தது என்பவை பழைய வழக்குகள். 'சோர்விலாள் பெண்' என்னும் குறளில், கடமையை நழுவவிடாமை அதே வேரிலிருந்து பேசப்படுகிறது. பிடித்திருந்தவை ஒவ்வொன்றாகக் கைநழுவுவதும் உள்ளுக்குள் தளர்வதும் இந்நோயின் இயல்பு என்பதால், மனச்சோர்வு என்பதே தகுந்த சொல் என்று கருதுகிறேன். உளச்சோர்வு என்பதும் அதே பொருளுடையது. ஆலோசனையை உளவளத்துணை என்று அழைக்கும் இலங்கைத் தமிழர்க்கு 'உள' என்னும் முன்னொட்டு இன்னும் இயல்பானது.

முதுமையில் இந்நோய் அழுகையாக வெளிப்படுவதைக் காட்டிலும் 'கை கால் குடையுது', 'சாப்பாடு இறங்கல', 'எதுலயும் மனசு ஒட்டல' என்று வெளிப்படுவதே மிகுதி. கேட்பவர்கள் 'வயசானா அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பல ஆண்டுத் துயரத்தை அந்த ஒரு வாக்கியம் மூடிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். இதனால்தான் 1980களில் உருவான முதியோர் மனச்சோர்வு அளவுகோல், தூக்கம், பசி போன்ற உடற்குறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. அவை மூப்பினாலும் பிற நோய்களாலும் மாறக்கூடியவை. மாறாக, வாழ்க்கையில் உங்களுக்குப் பெரும்பாலும் நிறைவு இருக்கிறதா, முன்பு செய்துவந்த பலவற்றை விட்டுவிட்டீர்களா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருந்துவிடத் தோன்றுகிறதா என்று, ஆம் அல்லது இல்லை என்ற விடையே போதும்படி அது கேட்கிறது. 15 கேள்விகள் கொண்ட அதன் சுருக்க வடிவத்தில் ஐந்துக்கு மேல் மதிப்பெண் வந்தால் கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்பதே பொருள். அது முதற்கட்டச் சோதனை மட்டுமே. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை.

சிகிச்சையில் மருத்துவரல்லாதவர்களும் பெரும்பங்கு ஆற்ற முடியும். கோவாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், லேசான அறிகுறிகள் உடைய 60 வயதுக்கு மேற்பட்ட 181 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே உளவளத்துணை அளித்தார்கள்: சிக்கலைக் கூறுபோட்டுத் தீர்க்கும் முறை, தூக்கத்தைச் சீராக்கும் பழக்கங்கள், சர்க்கரை போன்ற நோய்களில் தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும் வழி, அரசு உதவிகளைப் பெற வழிகாட்டல் என்று அது அமைந்தது. ஓராண்டில் முழுமையான மனச்சோர்வு நோய்க்கு உள்ளானவர்கள் அந்தப் பிரிவில் 4.4 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 14.4 விழுக்காடு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் துணைநிற்பதையும் சிகிச்சைக்குள் சேர்த்திருப்பதை இத்திட்டத்தின் தனிச்சிறப்பாகக் காண்கிறேன்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உருவான பேர்ல்ஸ் திட்டம் முதியோரின் வீட்டுக்கே ஆளை அனுப்புகிறது. 2004இல் வெளியான அதன் ஆய்வில், அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தவர்கள் 43 விழுக்காடு, ஒப்பீட்டுப் பிரிவில் 15 விழுக்காடு. ஜிம்பாப்வேயில் பாட்டிமாரே ஆலோசகர்களாக மரத்தடிப் பெஞ்சில் அமரும் திட்டம், நோய்க்கு 'குஃபுங்கிசிசா' என்னும் ஷோனா மொழிச் சொல்லையே ஆள்கிறது. அளவுக்கு மீறி யோசித்தல் என்பது அதன் பொருள். அது எல்லா வயதினருக்குமான திட்டம் என்றாலும், மக்கள் வாயில் உள்ள சொல்லிலிருந்தே தொடங்கியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறார்கள். அதே வாசலில், 'இந்த ரெண்டு வாரமா எதிலயும் நாட்டம் இல்லாம இருக்கீங்களாம்மா, மனசு சோர்ந்து கிடக்குதா' என்று இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஆம் என்று சொல்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடும், சாக வேண்டும் என்ற எண்ணத்தைச் சொல்பவருக்கு உடனடிக் கவனிப்பும் கூடவே இருக்க வேண்டும். இந்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.