நாலு பசங்க, ஒரு வீடு, போன் இல்லாம ஒரு சாயங்காலம்

லீவு விட்டாச்சுன்னா எங்க கிளினிக்ல காய்ச்சல், வயித்துப்போக்குக்கு அடுத்தபடியா வர்ற கம்ப்ளைன்ட் இதுதான். "டாக்டர், இவனோட ஃப்ரெண்ட்ஸ் விளையாட வராங்க, வந்து செருப்ப கழட்டுறதுக்குள்ள போன கேக்குறாங்க, குடுக்கலன்னா சோபா மேல ஏறி குதிச்சு வீட்டையே ரெண்டாக்கிடுறாங்க, நான் என்னதான் செய்யட்டும்?" கேக்குறது பெரும்பாலும் அம்மாதான். அப்பா பக்கத்து சேர்ல உக்காந்து அவரோட போன பாத்துட்டு இருப்பாரு, அத பத்தி இன்னொரு நாள் எழுதணும்.

நான் குழந்தைங்க டாக்டர், திருச்சில பிராக்டிஸ். ஆறு வயசுல இருந்து பன்னெண்டு வரைக்கும் உள்ள ஆம்பளப் பசங்கள வச்சுதான் இத எழுதுறேன், ஏன்னா கேள்வி வர்றது அவனுங்கள பத்திதான். பொண்ணுங்களுக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

நாலு பசங்க கைல ஒரு போன் கிடைச்சா என்ன ஆகுதுன்னு ஒருவாட்டி தள்ளி நின்னு பாருங்க. ஒருத்தன் ஆடுவான், மூணு பேரு அவன் தோள் மேல தலைய வச்சு எட்டிப் பாப்பாங்க, "டேய் நெக்ஸ்ட் நானு"ன்னு வரிசை போட்டுட்டு. ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுக்கு போகும்போது யாரும் யார்கூடவும் விளையாடியே இருக்க மாட்டாங்க, ஆனா சண்டை மட்டும் ரெண்டு மூணு முடிஞ்சிருக்கும்.

டாக்டரா எனக்கு இதுல பெரிய கவலை கண்ணுதான். சீனாவுல குவாங்சோ நகரத்துல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2015ல வெளிவந்துச்சு. பாதி ஸ்கூல்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளில விட்டாங்க, மீதி ஸ்கூல்ல வழக்கம் போல. மூணு வருஷம் கழிச்சு பாத்தா வழக்கம் போல இருந்த பிள்ளைங்கள்ல 39.5 சதவீதம் பேருக்கு கிட்டப்பார்வை வந்திருந்துச்சு, வெளில போன பிள்ளைங்கள்ல 30.4 சதவீதம். மருந்து கிடையாது, சொட்டு கிடையாது, வெறும் வெளிச்சம். மர நிழல்ல நின்னாலே போதும், நம்ம ஹால்ல டியூப் லைட்டுக்கு கீழ கிடைக்குறத விட அங்க பல மடங்கு வெளிச்சம் இருக்கு. 5ல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்க ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனமும் 2020ல சொல்லிருச்சு. இதெல்லாம் மாத்திரை சீட்டுல எழுதிக் குடுக்குற விஷயமா, நாலு பசங்க சேந்தா தானா நடந்துரும், நாம குறுக்க வராம இருந்தா.

இந்த குறுக்க வர்றதுதான் பிரச்சனையே. பசங்க வந்து கொஞ்ச நேரத்துல "போர் அடிக்குது"ன்னு ஒரு குரல் வரும், உடனே நமக்கு பதட்டம் வந்துருது, வந்த பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கே, அவங்க அம்மா என்ன நெனப்பாங்கன்னு. ஒண்ணு போன குடுக்குறோம், இல்லன்னா நாமளே டீச்சர் மாதிரி உக்காந்து பெயின்டிங், கிராஃப்ட்டுன்னு நடத்த ஆரம்பிச்சிடுறோம். ரெண்டுமே வேண்டாம்ங்க. அந்த முதல் இருபது நிமிஷம் கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும், தரைல உருளுவானுங்க, குஷன தூக்கி அடிப்பானுங்க, "ஆன்ட்டி வைஃபை பாஸ்வேர்ட் என்ன"ன்னு ஒருத்தன் டீசன்ட்டா கேப்பான். தாங்கிக்கோங்க. அந்த நேரத்துலதான் எவன் ஒருத்தனாவது எதையாவது கண்டுபிடிப்பான்.

நீங்க செய்ய வேண்டியது சாமான் எடுத்து கண்ணுல படுற மாதிரி வைக்கிறது மட்டும்தான். பெரிய அட்டப்பெட்டி, பழைய பெட்ஷீட், துணி கிளிப்பு, சாக்பீஸ், டென்னிஸ் பால், கொஞ்சம் கயிறு. இத இப்படி பண்ணுன்னு சொல்லாதீங்க, வச்சிட்டு கிச்சனுக்கு போயிடுங்க.

மே மாசம் கத்திரி வெயில்ல எங்க ஊர்ல பதினோரு மணிக்கு மேல நாலு மணி வரைக்கும் வெளில விடாதீங்க, மயக்கம் போட்டு வர்ற கேஸ் எல்லாம் அந்த நேரத்துலதான். அந்த உள்ள இருக்குற நேரத்துக்கு நான் எல்லாருக்கும் சொல்றது புக் கிரிக்கெட். இப்போ உள்ள பசங்க நெறைய பேருக்கு இது தெரியல, சொல்லிக் குடுத்தா விட மாட்டேங்குறானுங்க. ஒரு தடியான பழைய பாட புஸ்தகம், ஒரு நோட்டு, ஒரு பென்சில். கண்ண மூடி புஸ்தகத்த விரிக்கணும், இடது பக்கத்து நம்பரோட கடைசி எண்தான் ரன்னு, சைபர் வந்தா அவுட்டு. எட்டு வந்தா என்னன்னு ஊருக்கு ஊர் ஒரு ரூல், அத முடிவு பண்றதுக்கே கால் மணி நேரம் சண்டை போடுவானுங்க, அந்த சண்டைய தயவுசெஞ்சு தீத்து வைக்காதீங்க, அவனுங்களே பேசி ஒரு ரூலுக்கு வர்றதுதான் அதுல உள்ள சரக்கே. கொஞ்ச நேரத்துல ஒருத்தன் கண்டுபிடிப்பான், இடது பக்கம் ரெட்டப்படை நம்பர் மட்டும்தான் வருதுன்னு, இன்னொருத்தன் அதுக்கு மேல போயி அடிக்கடி விரிச்சு மடங்கின பக்கமே திரும்பத் திரும்ப விரியுதுன்னு கண்டுபிடிச்சு சிக்ஸரா அடிச்சு தள்ளுவான், அப்புறம் புஸ்தகத்த மாத்தணும்னு தீர்ப்பு வரும்.

கொஞ்சம் அமைதியா உக்காருற பசங்கன்னா ஆடுபுலி ஆட்டம். தரைல சாக்பீஸ்ல போட்டா போதும், மூணு புலி, பதினஞ்சு ஆடு, ஆட்டுக்கு புளியங்கொட்ட, புலிக்கு கூழாங்கல்லு. கட்டம் தெரியலன்னா தாத்தா பாட்டி இருந்தா அவங்கள கேளுங்க, அவங்களுக்கும் வேலை குடுத்த மாதிரி ஆச்சு. ஆடு வச்சிருக்கவன் அவசரப்பட்டா காலி, புலி வச்சிருக்கவன் அசந்தா சுத்தி அடைச்சிருவாங்க. ரெண்டு பேரு ஆட ரெண்டு பேரு பின்னாடி நின்னு ஐடியா குடுக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் வெளில தள்ளி விட்டுருங்க. பம்பரம் கிடைச்சா வாங்கிக் குடுங்க, எங்கூர்ல பொரிகடலக் கடையில கூட தொங்குது. சாட்டைய ஆணில இருந்து இறுக்கமா சுத்தி வர்றதுக்கே ஒன்பது வயசு பையனுக்கு விரல் பழகணும். முதல் நாள் பம்பரம் சுத்தாது, எகிறி ஓடும், அவன் கடுப்பாவான், ரெண்டாவது நாள் கரகரன்னு சுத்தும்போது அவன் மூஞ்சியப் பாக்கணும். வட்டத்த போட்டு எல்லாரும் ஒண்ணா விட்டு சுத்துற பம்பரத்த சாட்டைல தூக்கி கைல புடிக்கணும், அதுதான் அபீட் எடுக்குறது, எடுக்க முடியாதவன் பம்பரம் வட்டத்துக்குள்ள போயிரும், மத்தவனுங்க அவங்க பம்பரத்து ஆணியால அத குத்தி ஓட்டை போட்டு ஆக்கர் வைப்பானுங்க. அபார்ட்மென்ட் பார்க்கிங்ல கார் கண்ணாடிக்கு பயந்து கிரிக்கெட்ட தடை பண்ணி போர்டு வச்சிருக்காங்க, ஆனா பம்பரத்துக்கு எதிரா இன்னும் எந்த அசோசியேஷனும் போர்டு வைக்கல. காலி மனை பக்கத்துல இருந்தா ஓட்டாஞ்சில்லு ஏழ அடுக்கி வச்சு பால்ல அடிக்கிற ஏழு கல்லு, அதுல ஓடுற ஓட்டத்துக்கு தனியா எக்சர்சைஸ் தேவையே இல்ல.

உங்க பையனையும் சேத்து மூணு பேரா ஆக விடாதீங்க, முடிஞ்ச வரைக்கும் ரெண்டு இல்லன்னா நாலு. மூணு பேர் சேந்தா எப்படியும் ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டு ஒருத்தன் கழண்டு வந்து உங்க பின்னாடி நிப்பான். வேற வழியில்லன்னா அவன அம்பயரா போடுங்க, ஸ்கோர் நோட்டு அவன் கைல குடுங்க, அதிகாரம் கைக்கு வந்ததும் ஆள் நிமிந்துருவான்.

கட்டிப் புரண்டு விளையாடுறது பாத்து நெறைய அம்மாக்கள் பயப்படுறாங்க. மூஞ்சில சிரிப்பு இருக்கா, கீழ கிடந்தவன் அடுத்த நிமிஷம் மேல வரானா, விழுந்தவன் எந்திரிச்சு திரும்ப வந்து மாட்டுறானான்னு பாருங்க, அப்படின்னா அது விளையாட்டு, விட்டுருங்க. சிரிப்பு நின்னு போயி பல்லக் கடிச்சுட்டு ஒருத்தனே தொடர்ந்து அடி வாங்கினாலோ, அவன் விலகப் பாத்தாலோ அப்போ உள்ள போங்க. பாதி சண்டை பசியால வர்றதுதான், சுண்டலோ வேகவச்ச கடலையோ ஒரு பெரிய பாத்திரத்துல வச்சிட்டு மாங்கா நறுக்க ஒருத்தன், மோர் கலக்க ஒருத்தன்னு வேலைய பிரிச்சு விடுங்க, பிஸ்கட் பாக்கெட்ட விட அது நேரமும் எடுக்கும், வயிறும் நெறையும்.

நீங்க கண்டிப்பா பாக்க வேண்டியது வேற. சம்ப் மூடி பூட்டியிருக்கா, மொட்ட மாடி கைப்பிடிச் சுவர் உயரமா இருக்கா, இல்லன்னா மாடிக் கதவு பூட்டுங்க. மாஞ்சா நூலோட யாராவது பட்டம் கொண்டு வந்தா வாங்கி வச்சிருங்க, கழுத்தறுக்குற சாமான் அது. அப்புறம் பல்லு. விழுந்து முளைச்ச நிலைப்பல் அடிபட்டு முழுசா கழண்டு வந்துச்சுன்னா வெள்ளைப் பக்கத்த புடிச்சு எடுங்க, வேர தேய்க்காதீங்க, கொஞ்சம் பால்ல போட்டு எடுத்துட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட ஓடுங்க, திரும்ப வச்சு காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு. பேப்பர்ல சுத்தி பாக்கெட்ல போட்டுட்டு மறுநாள் வர்றவங்கதான் அதிகம்.

வர்ற பையனோட அம்மாகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க, "அக்கா, எங்க வீட்டுல விளையாடுற நேரத்துல போன் கிடையாது, அவசரம்னா என் நம்பருக்கு அடிங்க"ன்னு. யாரும் தப்பா எடுத்துக்குறதில்ல, நெறைய பேரு அப்பாடான்னு மூச்சு விடுவாங்க. கூடவே உங்க போனையும் எடுத்து அலமாரி மேல வச்சிருங்க, பசங்க கேக்குற முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும்.

கெளம்புற நேரம்தான் இன்னொரு ரகளை. "இன்னும் பத்து நிமிஷம்"னு சொன்னா எவன் காதுலயும் ஏறாது, பத்து நிமிஷம்னா எவ்ளோன்னு அந்த வயசுல ஒரு கணக்கே கிடையாது. அதுக்கு பதிலா "லாஸ்ட் ஓவர்டா", "கடைசி அபீட்டு"ன்னு சொல்லிப் பாருங்க, முனகிக்கிட்டே ஒத்துப்பானுங்க, அது அவனுங்க சட்டத்துல இருக்கு. என்ன, லாஸ்ட் ஓவர்ல எவனாவது வைடு போட்டா எக்ஸ்ட்ரா பால் உண்டு, வேணும்னே ஏழெட்டு வைடு போடுவானுங்க, அதையும் எண்ணிட்டு நில்லுங்க.