கடல் ஓட்டுக்கும் வில்லங்கம் பார்க்கணும்

போன மாதம் காட்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் நாற்பது படங்களோடு வீட்டுக்கு வந்தார். பாலாறு கடலில் சேரும் வாயலூர்ப் பக்கம் அள்ளிய சேறு, 63 மைக்ரான் சல்லடையில் அலசி எடுத்த ஃபோராமினிஃபெரா (சுருக்கமாக ஃபோராம்) என்ற நுண்ணிய கடல் உயிரிகளின் ஓடுகள். நாற்பதுக்கும் பெயர் எழுதியிருந்தார்.

"எப்படிப்பா பேர் வெச்சே?"

"நெட்ல இருக்கிற படத்தோட ஒப்பிட்டுப் பார்த்தேன் மேடம்."

அவர் ஸ்லைடை என் பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மூன்றாம் எண்ணும் பதினேழாம் எண்ணும் ஒரே ஓடு. ஒன்றில் மேல்பக்கம், மற்றொன்றில் அடிப்பக்கம். அம்மோனியா என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டம்) மேல்பக்கம் பார்த்தால் சுருளின் எல்லாச் சுற்றும் தெரியும். கவிழ்த்தால் கடைசிச் சுற்று மட்டும்தான். பிரஷ் நுனியால் ஒருமுறை புரட்டியிருந்தால் ஒரு பெயர் குறைந்திருக்கும்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் கடல் கிடையாது. மலையெல்லாம் நைஸ், சார்னோகைட் என்று பூமிக்குள் வெந்து உருமாறிய பாறை; எத்தனை குவாரியில் தேடினாலும் ஒரு ஃபோராம் கிடைக்காது. இங்கே படிக்கிற பிள்ளைக்கு அது ஸ்லைடிலும் படத்திலும்தான் அறிமுகம்.

பெரியவர்களே தடுமாறிய விஷயம் இது. ஒற்றைச் செல் உயிரிதான், ஆனால் அறை அறையாக ஓடு கட்டும். 1758-இல், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் சிலவற்றை நாட்டிலஸ் (சுருள் ஓட்டுக்குள் வாழும், கணவாய்க்கு உறவான பிராணி) என்ற பேரினத்தில் சேர்த்தார். 1826-இல் இந்தக் கூட்டத்துக்கே பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் டோர்பிஞி, இவற்றைக் கணவாய்க்கு உறவான குட்டிப் பிராணிகள் என்றே நினைத்தார். நாட்டிலஸில் அறைகளை ஒரு குழாய் இணைக்கும். இவற்றில் வெறும் துளை. அதனால்தான் 'துளை தாங்கி' என்ற பொருளில் ஃபோராமினிஃபெரா. 1835-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் டுஜார்டின் இவற்றை உயிரோடு பார்த்து, இது கணவாயும் இல்லை, நத்தையும் இல்லை என்றார். வகை தவறு, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

என் தாத்தாவின் பத்திரத்தில் 'வட ஆற்காடு ஜில்லா, வாலாஜாபேட்டை தாலுக்கா' என்று இருக்கும். 1989-இல் மாவட்டம் பிரிந்தபோது அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர். 2019-இலிருந்து ராணிப்பேட்டை. நிலம் ஒரு சென்ட் கூட நகரவில்லை. லின்னேயஸ் 'நாட்டிலஸ் பெக்கரியை' என்று பெயர் வைத்த ஓட்டின் கதையும் இதேதான். அவர் வைத்த இனப்பெயர் 'பெக்கரியை' அப்படியே இருக்க, முன்னால் வரும் பேரினம் ரோட்டாலியா, ஸ்ட்ரெப்ளஸ், அம்மோனியா என்று ஆள்மாறிக்கொண்டே வந்தது. இன்று அம்மோனியா பெக்கரியை (லின்னேயஸ், 1758) என்று எழுதுகிறோம். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. பெயர் வைத்தவர் வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு மாற்றினார்கள் என்று அர்த்தம். அடைப்புக்குறி இல்லாவிட்டால் முதலில் வைத்த பேரினத்திலேயே இருக்கிறது: குளோபிஜெரினா புல்லாய்டஸ் டோர்பிஞி, 1826 போல.

வில்லங்கம் பார்க்காமல் யாரும் மனை வாங்குவதில்லை. ஆனால் பழைய கட்டுரைகளிலிருந்து பட்டியல் எடுக்கிறவர்கள் ரோட்டாலியா பெக்கரியை, ஸ்ட்ரெப்ளஸ் பெக்கரியை, அம்மோனியா பெக்கரியை என்று மூன்று வரி எழுதி மூன்று இனம் எண்ணிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட வந்த ஆய்வேடு ஒன்றிலேயே பார்த்திருக்கிறேன். உலக ஃபோராமினிஃபெரா தரவுத்தளம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. எந்தப் பெயர் இப்போது செல்லும், எது பழையது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதிலும் ஒரு சிக்கல். உண்மையான பெக்கரியை அட்ரியாட்டிக் கடற்கரை மணலில் கண்டது. அம்மோனியாவின் டி.என்.ஏ.வைப் பார்த்தால், ஒன்றுபோல் தெரிகிற ஓடுகளுக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன. வங்கக்கடல் சேற்றில் கிடைத்ததற்கு அந்தப் பெயரைத் துணிந்து எழுத எனக்குக் கை வராது. 'அம்மோனியா, இனம் உறுதியில்லை' என்று எழுதுவதில் என்ன மானக்கேடு?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரே இனத்தில் பால்வழித் தலைமுறை, பாலிலாத் தலைமுறை இரண்டும் மாறி மாறி வரும். ஒன்றுக்கு முதல் அறை பெரிது, மற்றதற்குச் சிறிது. காசு போலிருக்கும் நம்முலைட்டிஸ் என்ற புதைபடிவ ஃபோராமில் இந்த இரண்டுக்கும் வேறு வேறு இனப்பெயர் வைத்திருந்தார்கள். (கீசா பிரமிடுக் கல்லில் நிறைந்திருப்பது இந்தக் காசுகள்தான். கூலியாட்கள் சாப்பிட்டு மீந்த பருப்பு கல்லாகிவிட்டது என்று அங்கே சொல்வதைப் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதி வைத்திருக்கிறார்.)

வகைப்படுத்தும்போது முதலில் ஓட்டின் சுவரைப் பாருங்கள், உருவத்தை அல்ல. கண்ணாடி போலா, பீங்கான் போலா, மணல் துகளை ஒட்டிக் கட்டியதா? பிறகு அறை அடுக்கு, வாய்த்துளை. 2013-இல் மரபணுவை வைத்துப் பெரும் பிரிவுகளையே மாற்றி அடுக்கினார்கள். ஆனால் மேஜையில் உட்கார்ந்து பொறுக்குகிறவருக்குச் சுவர்தான் இன்னும் கைவிளக்கு.

அந்தச் சுவரை நானே ஒருமுறை கரைத்துக் குடித்தேன். முதுகலை படிக்கும்போது சேறு கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டு ஆறு மாதம் அலமாரியில் விட்டுவிட்டேன். அமிலமாகாமல் தடுக்கும் வெண்காரம் சேர்க்கவில்லை. ஃபார்மலின் புளித்து அமிலமாகி சுண்ணாம்பு ஓடுகளைத் தின்றுவிட்டது; மணல் ஒட்டியவை மட்டும் மிச்சம். 'இங்கே மணல் ஓட்டு இனங்களே அதிகம்' என்று பெருமையாக எழுதியும் விட்டேன். மறுபடி சேறு அள்ளி வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

மாணவர் அடுத்த வாரம் வந்தார். நாற்பது பத்தொன்பதாகியிருந்தது, அதில் ஆறு பேரினத்தோடு நின்றிருந்தன.

"லிஸ்ட் சின்னதா இருக்கேன்னு கைடு கேட்டா மேடம்?"

"ஸ்லைடையும் எடுத்துட்டுப் போப்பா. புரட்டிக் காட்டு."